பாட்டால் வாழும் மொழி

மக்கள் கண்ட கலைகளுள் இசை தனிச்சிறப்புடையது. அவ்விசையும் மொழியும் கூடுமிடத்தே பாட்டுப் பிறக்கின்றது. ஒரு மொழியின் இலக்கணத்தைக் கற்றோர் அறிவர். அதன் இலக்கியத்தைப் பயின்றோர் சுவைப்பர். அதன் பாட்டையோ கல்லாதாரும் அறிவர், சிறாரும் பாடுவர், உழைப்போர் தம் களைப்பு நீங்க அதனையே முணுமுணுப்பர். தாலாட்டிலே தொடங்கி இறுதிப்பயணம் வரையில் மாந்தனைப் பிரியாது நிற்பது அவன் தாய்மொழிப் பாட்டேயாகும். ஆதலின், ஒரு மொழி மக்களிடையே உயிரோடு உலவுகின்றதா என்பதை அறிய விரும்புவோர், அம்மொழியினர் ஓய்ந்திருக்கும் மாலைப்பொழுதில் எம்மொழியிற் பாடுகின்றனர் என்று செவிசாய்த்துக் கேட்டல் வேண்டும்.

பிரெஞ்சு மொழி உலகப் பெருமொழிகளுள் ஒன்று. அரசர் அவையிலும் அறிஞர் குழுவிலும் பல நூற்றாண்டுகளாக ஆட்சி செலுத்திய மொழி அது. அத்தகைய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இளைஞர்களே அம்மொழியிற் பாடுவதைக் குறைத்துக்கொண்ட ஒரு காலம் வந்தது. அதனைக் கண்டு கவன்றோர் பலர். அவருள் ஒருவர் கவலையோடு அமையாது, தாம் பிறந்த கடற்கரை ஊரில் ஒரு விழாவைத் தொடங்கினார். ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் நிகழும் அவ்விழாவின் பெயர் 'பிரான்கோபோலி' என்பது. அது நிகழும் ஊர் லா ரொஷேல். அவ்விழாவின் வரலாற்றையும் அது மொழிக்கு ஆற்றிவரும் தொண்டினையும் ஈண்டுக் காண்போம்.

துறைமுக நகரம்

லா ரொஷேல் பிரான்சு நாட்டின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி அமைந்த பழைய துறைமுக நகரம். வெண்ணிறக் கற்களாலான மாளிகைகளும், வளைவுகள் தாங்கிய நிழல் நடைகளும் நிறைந்தது. கடலிலிருந்து துறைமுகத்தினுள் நுழைவோரை முதலில் எதிர்கொள்பவை இரண்டு கற்கோபுரங்கள். ஒன்று தூய நிக்கொலா கோபுரம். மற்றொன்று சங்கிலிக் கோபுரம். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இவ்விரண்டிற்கும் இடையே முற்காலத்தில் இரவுதோறும் பெருஞ்சங்கிலியொன்றை இழுத்துக் கட்டுவர். அதனால் பகைவர் கலங்கள் உட்புகுதல் இயலாது. பொழுது புலர்ந்ததும் சங்கிலியைத் தளர்த்திவிடுவர். வணிகக் கலங்கள் வரும், போகும். சற்று அப்பால் விளக்குக் கோபுரம் என்னும் மூன்றாவது கோபுரம் நிற்கின்றது. கலங்களுக்கு ஒளி காட்டிய அக்கோபுரம் பின்னாளிற் சிறைக்கூடமாயிற்று. அதனுள் அடைபட்டோர் சுவரிலே செதுக்கிவைத்த கப்பல் உருவங்களையும் எழுத்துக்களையும் இன்றும் காணலாம்.

இந்நகரின் வரலாற்றில் மறக்கலாகாத ஆண்டுகள் 1627, 1628 ஆகிய இரண்டும் ஆம். சீர்திருத்தக் கிறித்தவ நெறியைப் பின்பற்றிய இந்நகர மக்கள் தம் உரிமைகளை விட்டுக்கொடுக்க மறுத்தனர். பதின்மூன்றாம் லூயி மன்னனின் முதலமைச்சராகிய ரிஷ்லியூ நகரை முற்றுகையிட்டார். நிலவழியைப் படைகள் அடைத்தன. கடல்வழியை அடைக்க ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமுள்ள பேரணையொன்றைக் கடலின் குறுக்கே எழுப்பினார். துணைக்கு வந்த ஆங்கிலக் கப்பல்கள் அவ்வணையைக் கடக்கமாட்டாது திரும்பின. ழான் கித்தோன் என்னும் நகரத்தலைவர் மக்களுக்கு ஊக்கமூட்டி நின்றார். ஆயினும் பசியை வெல்வார் யார்? ஏறத்தாழ 27,000 மக்கள் வாழ்ந்த நகரில், 1628 அக்டோபரில் வாயில் திறந்தபோது உயிரோடிருந்தோர் 5,000 அளவினரே.

இந்த ரிஷ்லியூவே 1635ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கழகத்தை நிறுவியவர். பிரெஞ்சு மொழிக்கு வரம்பு வகுத்து, அகராதி இயற்றி, அதன் தூய்மையைக் காத்தல் அக்கழகத்தின் பணி. அதன் அகராதியின் முதற்பதிப்பு 1694இல் வெளிவந்தது. ஒரு நகரைச் சுற்றி அணை எழுப்பியவரே ஒரு மொழியைச் சுற்றி வேலி எழுப்பவும் முற்பட்டார். அவர் வென்ற அந்நகரமே, மூன்றரை நூற்றாண்டுகள் கழிந்தபின், அம்மொழியின் பாட்டுக்குத் தலைநகராயிற்று.

தேய்ந்த குரல்

பிரெஞ்சுப் பாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. தெருப்பாடகர்களும், காப்பிக்கடை அரங்குகளில் பாடியோரும் அதனை வளர்த்தனர். இருபதாம் நூற்றாண்டில் எதித் பியாப் என்னும் அம்மையார் தம் குரலால் உலகை உருக்கினார். ஜார்ஜ் பிராசென்ஸ், ழாக் பிரெல், லெயோ பெரே ஆகிய மூவர் பாட்டைக் கவிதையின் நிலைக்கு உயர்த்தினர். இம்மூவருள் பிரெல் பெல்ஜிய நாட்டினர். பெரே மொனாக்கோவில் பிறந்தவர். இவர்தம் பாடல்களில் சொல்லே தலைமை பெறும். இசை அதற்கு ஊர்தியாய் நிற்கும். கேட்போர் தாளத்திற்காக மட்டுமன்றிப் பொருளுக்காகவும் காத்திருப்பர்.

பியாப் 1963இலும், பிரெல் 1978இலும், பிராசென்ஸ் 1981இலும் மறைந்தனர். இதற்கிடையே இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் புதுவகை இசை பெருகி வந்தது. மின்கிதாரின் முழக்கமும் விரைந்த தாளமும் இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்தன. 1981க்குப் பின் தனியார் வானொலி நிலையங்கள் பிரான்சில் இசைவு பெற்றுப் பல்கின. அவற்றுட் பல, கேட்போரை விரைவில் ஈர்க்கவேண்டி ஆங்கிலப் பாடல்களையே மிகுதியாக ஒலிபரப்பின. இளைஞர் சிலர் தாமும் ஆங்கிலத்திலேயே பாடத் தலைப்பட்டனர். 'புதிய தாளத்திற்குப் பிரெஞ்சு இசையாது' என்ற எண்ணம் பரவிற்று.

இவ்வெண்ணத்திற்கு மொழியமைப்பினும் ஒரு காரணம் காட்டப்பட்டது. ஆங்கிலச் சொற்களில் ஓரசை அழுத்தம் பெற்றும் மற்றவை தளர்ந்தும் ஒலிக்கும். அவ்வேற்றத்தாழ்வு புதிய தாளத்தோடு எளிதிற் பொருந்தும். பிரெஞ்சிலோ சொற்கள் ஏறத்தாழச் சமநிலையில் ஒழுகிச் சென்று, தொடரின் ஈற்றிலேயே அழுத்தம் பெறும். ஆகவே அத்தாளத்திற்கேற்பப் பிரெஞ்சுச் சொற்களை அமைத்தல் கடினம் என்றனர். கடினம் என்பது இயலாமை ஆகாது. பிரெஞ்சு மொழிக்குப் பாட்டிலே துணைசெய்யும் வேறொரு பண்பு உண்டு. அம்மொழியில் சொல்லின் ஈற்றில் வரும் ஒருவகை உயிரொலி, பேச்சில் தேய்ந்து மறைந்துவிடும். பாட்டிலோ அது மீண்டும் உயிர்பெற்று ஒலிக்கும். நிலத்தை உணர்த்தும் சொல் பேச்சில் 'தேர்' என ஓரசையாய் நிற்கும். பாட்டில் 'தே-ர' என ஈரசையாய் நீளும். நம் குற்றியலுகரத்தின் ஒலிநுட்பத்தை அறிந்தோர்க்கு இவ்வழகு எளிதில் விளங்கும். பேச்சு விழுங்கிய ஒலியைப் பாட்டு மீட்டுத் தருகின்றது. மொழியைப் பாட்டுக் காக்கும் என்பதற்கு இச்சிறு ஒலியே சான்றாகும்.

விழாவின் தோற்றம்

லா ரொஷேல் நகரில் 1943ஆம் ஆண்டில் பிறந்தவர் ழான் லூயி பூல்கியே. பிரான்சு நாட்டுப் பொது வானொலியில் பாட்டு நிகழ்ச்சிகளை நெடுங்காலம் நடத்திவந்தார். அவர் நடத்திய நிகழ்ச்சிகளுள் ஒன்றன் பெயர் 'பொலேன்'. மகரந்தம் என்பது அதன் பொருள். வண்டு மகரந்தத்தைச் சுமந்து மலருக்கு மலர் சென்று காய் தோன்றச் செய்வதுபோல, அறியப்படாத பாடகரின் குரலை அவர் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தார். புகழுற்றோரைப் புகழ்தல் எளிது. புகழ் பெறாதாரிடத்துத் திறன் காண்டல் அரிது. அவ்வரிய கண் அவருக்கு வாய்த்திருந்தது.

வானொலியிற் குரல் மட்டுமே கேட்கும். பாடுவோரும் கேட்போரும் ஒருவரையொருவர் காணும் இடம் வேண்டும் எனப் பூல்கியே கருதினார். ஆங்கிலப் பாட்டைப் பழித்துரைப்பதனாற் பிரெஞ்சுப் பாட்டு வளர்ந்துவிடாது என்பதனையும் அவர் அறிந்திருந்தார். எனவே 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பிரெஞ்சு மொழியிற் பாடுவோர் அனைவரும் கூடும் விழாவைத் தம் ஊரில் தொடங்கினார். அந்நாளில் நகரத்தலைவராய் விளங்கிய மிஷேல் கிரெப்போ அம்முயற்சிக்குத் துணைநின்றார். 'பிரான்கோ' என்பது பிரெஞ்சைக் குறிக்கும்; 'போலி' என்பது பித்தினைக் குறிக்கும். அளவிறந்த அன்பைப் பித்து என்று சொல்லும் வழக்கு நம்மிடையேயும் உண்டன்றோ? அவ்வகையிற் பிரெஞ்சுப் பாட்டின்மேற் கொண்ட பித்தே இவ்விழா எனக் கொள்ளலாம்.

விழாவின் அமைப்பு

விழா ஏறத்தாழ ஐந்து நாட்கள் நிகழும். பிரான்சின் நாட்டு விழாவாகிய ஜூலை 14ஆம் நாளை ஒட்டியே அது பெரும்பாலும் அமையும். கோடைக்காலம் ஆதலின் அங்கே கதிரவன் மறைய இரவு பத்து மணியளவாகும். சங்கிலிக் கோபுரத்திற்கும் விளக்குக் கோபுரத்திற்கும் அருகே, நீர்க்கரையை ஒட்டித் தூய ழான் தாக்ர் என்னும் வெளி உள்ளது. அங்கே விழாவின் பேரரங்கு எழும். பாய்மரப் படகுகள் மிதக்கும் துறைமுகம் ஒருபுறம், பழைய கோபுரங்கள் மறுபுறம், நடுவே பல்லாயிரவர் நின்று கேட்கும் பெருங்கூட்டம். பாட்டோடு கடற்காற்றும் கலந்து வீசும். நகரத்தினுள் அமைந்த நாடக அரங்குகளிலும் பாட்டு நிகழ்ச்சிகள் நடைபெறும். பேரரங்கின் முழக்கத்தில் எடுபடாத மெல்லிய குரல்களும், ஒற்றைக் கருவியோடு பாடும் பாட்டுக்களும் அவ்வரங்குகளில் இடம்பெறும். நாளடைவில் விழாவுக்கு வருவோர் தொகை ஓரிலட்சத்தைக் கடந்தது.

இவ்விழாவிற்கே உரிய வழக்கம் ஒன்றுண்டு. பாடகர் ஒருவரைத் தேர்ந்து, ஓர் இரவினை அவருக்கெனவே ஒதுக்குவர். அவரும் தம் நண்பர்களை மேடைக்கு அழைப்பார். அந்நண்பர்கள் அவர்தம் பாடல்களைத் தத்தம் குரலிற் பாடுவர். 'இன்னாருக்கு விழா' என அதனை வழங்குவர். 1987ஆம் ஆண்டில் லெயோ பெரேக்கு அத்தகைய விழா நிகழ்ந்தது. அப்பொழுது அவர் எழுபது வயதை எய்தியிருந்தார். மூவருள் இருவர் மறைந்துவிட எஞ்சியிருந்தவர் அவரே. இளம் பாடகர்கள் அவர் பாடல்களைப் பாட, மூத்தவர் அதனைக் கேட்டிருந்தார். பாட்டு ஒருவர் வாயினின்றும் மற்றொருவர் வாய்க்குச் சேர்தலைப் போற்றும் வழக்கம் இது. சான்றோரை மறைந்தபின் போற்றுதல் உலகியல்பு. வாழும் நாளிலேயே போற்றுதல் பண்பாடு.

கடல் கடந்த உறவு

பிரெஞ்சு மொழி பிரான்சு நாட்டினர்க்கு மட்டும் உரியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் இந்த லா ரொஷேல் துறைமுகத்திலிருந்தே குடியேறுவோர் பலர் கப்பலேறிக் கனடாவிற்குச் சென்றனர். 1608இல் கெபெக் நகரை நிறுவிய சாம்ப்ளேன் என்பாரும் இந்நகரை அடுத்த வட்டாரத்தவரே. 1763ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கனடா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. அரசு மாறியும் அங்குள்ள பிரெஞ்சு மக்கள் மொழியை மாற்றிக்கொண்டிலர். முன்னோர் கொண்டுவந்த பாட்டுக்களை வழிவழியாகப் பாடிவந்தனர். நூலும் பள்ளியும் அருகிய இடங்களிலும் பாட்டு அம்மொழியைக் காத்தது. 1950இல் பெலிக்ஸ் லெக்ளேர் என்னும் கெபெக் பாடகர் பாரிசு நகருக்கு வந்து, தம் கிதாரோடு தனியே நின்று பாடிப் பெரும்புகழ் எய்தினார். 1977இல் கெபெக் மாநிலம் சட்டம் இயற்றிப் பிரெஞ்சை ஆட்சிக்கும் கல்விக்கும் தொழிலுக்கும் உரிய மொழியாக நிலைநிறுத்திற்று. முன்னோர் கப்பலேறிய அத்துறைமுகத்திலேயே அவர் வழிவந்தோர் மேடையேறிப் பாடும்போது, பிரிந்த உறவு மீண்டும் கூடுகின்றது எனலாம்.

ஆயினும் வரலாற்றைச் சொல்லுங்கால் அதன் ஒளிப்பகுதியை மட்டும் சொல்லுதல் முறையாகாது. இதே துறைமுகத்திலிருந்து, பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில், 400க்கு மேற்பட்ட கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று, அங்கே மக்களை விலைக்கு வாங்கி அடிமைகளாகக் கரிபியன் தீவுகளுக்குக் கொண்டுசென்றன. நகரின் அழகிய மாளிகைகள் சில அச்செல்வத்தால் எழுந்தவை. ஆப்பிரிக்காவிலும் தீவுகளிலும் பலருக்குப் பிரெஞ்சு மொழி அன்னை மடியில் வந்த மொழியன்று. ஆண்டவர் கையால் வந்த மொழி. பின்னர் அவர்கள் அதனைத் தம்முடையதாக்கிக்கொண்டனர். தம் தாளத்தையும் துயரத்தையும் நகைச்சுவையையும் அதிலே பெய்தனர். அம்மொழியில் தம்மை அடிமைப்படுத்தினோரை வினவவும் செய்தனர்.

ஆகவே, பிரெஞ்சுப் பாட்டுக்கு விழா எடுப்போர் ஒரு வினாவிற்கு விடை கூறவேண்டியவராயினர். அஃதாவது, பிரெஞ்சுப் பாட்டு என்பது யாருடைய பாட்டு என்னும் வினா. பிரான்சிற் பிறந்தோர் பழைய மரபிற் பாடுவதே பிரெஞ்சுப் பாட்டு என அவர்கள் வரையறுத்திருக்கலாம். அவ்வாறு செய்தாரல்லர். அம்மொழியில் யார் பாடினும் அது பிரெஞ்சுப் பாட்டே என்னும் கொள்கையை மேற்கொண்டனர். கெபெக், பெல்ஜியம், ஆப்பிரிக்கா ஆகிய இடங்களினின்று வந்தோர்க்கு மேடை அளித்தனர். தாளத்தோடு சொல்லை விரைந்தடுக்கும் 'ராப்' என்னும் புதுவகைக்கும் பின்னர் இடம் தந்தனர்.

அவ்வகைப் பாட்டு அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆனால் பிரான்சின் புறநகர் இளைஞர்கள் அதனை ஆங்கிலத்திற் பாடாது பிரெஞ்சிலேயே பாடினர். செனகல் நாட்டு டக்கார் நகரிற் பிறந்து, சாடு நாட்டுப் பெற்றோர்க்கு மகனாகிய எம்.சி. சோலார் 1991இல் தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். எதுகையும் மோனையும் சிலேடையும் அவர் பாட்டில் விளையாடின. 'புதிய தாளத்திற்குப் பிரெஞ்சு இசையாது' என்ற பழைய எண்ணம் அத்தகையோர் முயற்சியாற் பொய்யாயிற்று. அழியும் என அஞ்சப்பட்ட மொழிக்குப் புறத்தே நின்றவர் எனக் கருதப்பட்டவரே புத்துயிர் ஊட்டினர்.

சட்டமும் பயிற்சியும்

பாட்டுமொழியைக் காக்கப் பிரான்சு அரசும் ஒரு வழி கண்டது. வானொலியில் ஒலிக்கும் பாடல்களில் நூற்றுக்கு நாற்பது பிரெஞ்சு மொழியிலோ பிரான்சில் வழங்கும் வட்டார மொழிகளிலோ அமைதல் வேண்டும் என 1994இல் சட்டம் இயற்றப்பட்டது. 1996 ஜனவரி முதல் நாளிலிருந்து அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அந்நாற்பதிற் பாதி, புதிய பாடகர்க்கோ புதிய படைப்புக்களுக்கோ உரியது எனவும் விதிக்கப்பட்டது. பின்னர்ச் சிலவகை நிலையங்களுக்கு இவ்விகிதம் மாற்றி அமைக்கப்பட்டது.

சட்டம் வேலி போன்றது. வேலி பயிரைக் காக்கும், பயிரை விளைவிக்காது. வானொலியில் நாற்பது பாடல் ஒலிக்கவேண்டுமெனில், ஒலிக்கத்தக்க பாடல்களை இயற்றுவோர் வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்த விழாவினர் 1998ஆம் ஆண்டில் இளம்பாடகர்க்கெனப் பயிற்சிக் களம் ஒன்றை லா ரொஷேலில் அமைத்தனர். 'ஷான்தியே' என்பது அதன் பெயர். கட்டட வேலை நிகழும் இடத்தையும் கப்பல் கட்டும் இடத்தையும் அம்மொழியில் அச்சொல்லால் வழங்குவர். அங்கே இளைஞர்கள் குரலைப் பண்படுத்தவும், மேடையில் நிற்கவும், சொல்லைத் தெளிவுற ஒலிக்கவும் பழகுவர். மூத்தோர் அருகிருந்து குறைகளை எடுத்துரைப்பர். பெயர்பெற்ற பாடகர்களின் கூட்டமே விழா என்னும் நிலை மாறி, விழா நிகழாத திங்கள்களிலும் பணி தொடர்ந்தது. பள்ளி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பாட்டின்வழி மொழியைக் கற்பிக்கும் திட்டங்களும் உடன் வளர்ந்தன. அவற்றின்வழி பிள்ளைகள் பாட்டைக் கேட்பதோடு அமையாது, தாமே இயற்றவும் முற்பட்டனர்.

இடையூறுகள்

எந்நற்பணிக்கும் இடையூறு உண்டு. 2003ஆம் ஆண்டில் விழா நடைபெறவில்லை. கலைஞர்க்கும் மேடைத் தொழிலாளர்க்கும் வேலையில்லாக் காலத்தில் வழங்கப்படும் உதவித்தொகையின் விதிகள் அவ்வாண்டு மாற்றப்பட்டன. அதனை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அக்கோடையில் புகழ்பெற்ற அவிஞ்ஞோன் நாடக விழாவும் நின்றுபோயிற்று. பாடகரின் பெயரை ஊரறியும். பாடகர் நிற்கும் மேடையை அமைப்போர், விளக்கேற்றுவோர், ஒலியை ஒழுங்குசெய்வோர் ஆகியோரை யாரறிவார்? அவர்கள் கை ஓய்ந்தபோது பாட்டும் ஓய்ந்தது. பாட்டு ஒருவர் வாயிற் பிறந்தாலும் பலர் உழைப்பால் மன்றத்திற்கு வருகின்றது என்பதனை அவ்வாண்டு அனைவர்க்கும் உணர்த்திற்று.

ஏறத்தாழ இருபதாண்டுகள் விழாவை நடத்திய பூல்கியே பின்னர் அப்பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தார். 2013 டிசம்பரில் அவர் மறைந்தார். கோபுரங்களின் அருகே எழும் பேரரங்குக்கு அவர் பெயரையே சூட்டினர். 2020இல் உலகெங்கும் பரவிய பெருந்தொற்றால் விழா மீண்டும் நின்றது. மறு ஆண்டே, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அது தொடர்ந்தது. தொடங்கியவர் மறைந்தபின்னும் நிலைத்திருத்தலே ஒரு பணியின் உறுதிக்கு அடையாளம்.

கிளைத்த மரம்

லா ரொஷேலில் ஊன்றிய வித்து வேற்றிடங்களிலும் முளைத்தது. 1989இல் கனடாவின் மொன்ரியால் நகரிலும், 1994இல் பெல்ஜியத்தின் ஸ்பா நகரிலும் இதே பெயருடைய விழாக்கள் தொடங்கின. தமிழ் மரபினரும் பலராய் வாழும் ரெயூனியன் தீவிலும் இப்பெயரால் விழா நடைபெற்றதுண்டு. ஒவ்வோரிடத்தும் அவ்வவ்விடத்துப் பாடகர்களே முதன்மை பெறுவர். ஒரே மொழி, குரல்களோ பல. ஒரே பெயர், விழாக்களோ தத்தம் மண்ணின் மணத்தோடு வேறுபடுவன.

வேலியைப் போற்றுவோர்க்கும் பாட்டைப் போற்றுவோர்க்கும் இடையே பூசல் இன்னும் ஓய்ந்திலது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிற் பிறந்து பாரிசின் புறநகரில் வளர்ந்த ஆயா நகமுரா என்னும் பாடகி, தம் பாடல்களில் பலமொழிச் சொற்களையும் தெருவழக்குகளையும் கலந்து பாடுபவர். 2024ஆம் ஆண்டு ஒலிம்பிக் தொடக்கவிழாவில் அவர் பாடக்கூடும் என்ற செய்தி பரவியபோது, அவர் பாடுவது நல்ல பிரெஞ்சன்று எனச் சிலர் கடிந்துரைத்தனர். அவர் பிறப்பினையும் நிறத்தினையும் பழித்தோரும் உளர். அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள் அவர் பாடிய இடம் எது? ரிஷ்லியூ நிறுவிய பிரெஞ்சுக் கழகம் வீற்றிருக்கும் மாளிகையின் முன்னிலையிலேயே அவர் பாடினார். அவரோடு நின்று இசைத்தவர் குடியரசுக் காவற்படையின் இசைக்குழுவினர். தம் பாடல்களோடு, அர்மீனியப் பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்து பிரெஞ்சுப் பாட்டின் பெருமையாய் விளங்கிய சார்ல் அஸ்னவூரின் பாட்டையும் அவர் இணைத்துக்கொண்டார். அகராதி காக்கும் மாளிகையும் தெருவில் வளர்ந்த பாட்டும் அன்று எதிரெதிரே நில்லாது அடுத்தடுத்து நின்றன.

இவையனைத்தையும் நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகின்றது. அகராதியும் இலக்கணமும் சட்டமும் மொழிக்கு வேண்டுவனவே. அவையின்றேல் மொழி வரம்பிழந்து சிதறும். ஆயினும் அவை மட்டும் மொழியை வாழ்விக்கமாட்டா. லா ரொஷேல் மக்கள் இரவிலே சங்கிலியைக் கட்டினர். பகலிலே அதனை அவிழ்த்தனர். என்றும் கட்டியே வைத்திருப்பின் துறைமுகம் பிழைத்திருக்கும், வாணிகம் மாண்டிருக்கும். என்றும் அவிழ்த்தே விட்டிருப்பின் பகைவர் புகுந்திருப்பர். காக்கவேண்டிய பொழுதையும் திறக்கவேண்டிய பொழுதையும் அறிந்து ஒழுகியதே அவர்தம் திறன். மொழியைப் பேணுவோர்க்கும் அத்திறன் வேண்டும்.

பிறமொழிப் பாட்டின் இனிமையைச் சுவைத்தல் குற்றமன்று; அது மனத்தை விரிவாக்கும். தம் மொழியிற் பாட நாணுதலே குறையாவது. அந்நாணத்தைப் போக்கும் வழி பிறமொழியை வெறுத்தலன்று. தம் மொழியிற் புதிய பாட்டுக்களை ஆக்குதலே. மூத்தோர் பாட்டை இளையோர் பாடவேண்டும். இளையோர் பாட்டை மூத்தோர் கேட்கவேண்டும். தொலைவிலிருந்து வந்து தம் மொழியிற் பாடுவோரை உறவெனத் தழுவவேண்டும். இம்மூன்றும் நிகழுமிடத்தே மொழி தளராது. ஒரு வானொலிக்காரர் தம் ஊர்க் கடற்கரையில் தொடங்கிய விழா, நாற்பது ஆண்டளவாக உலகிற்கு உணர்த்திவரும் பாடம் இதுவேயாகும்.